அடுப்புக்கு யார் காவல்? ஒரு ஸ்லோ குக்கர் பாஸ்தாவின் வரலாறு

போன வாரம் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். வழக்கமான முதல் கேள்வி: "சாப்பிட்டியா?" இல்லை, சாயங்காலம் போய்த்தான் சாப்பிடணும், சமையல் அறையில் வெந்துகொண்டிருக்கிறது, நான் லைப்ரரியில் இருக்கிறேன் என்றேன். எதிர்முனையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு வந்தது பாருங்கள்: "அடுப்புல சட்டிய வச்சிட்டு யாராவது வீட்டப் பூட்டிக்கிட்டுப் போவாங்களாடா? அதை யாரு பாத்துக்கிறது?"

யாரும் பார்த்துக்கொள்ள வேண்டாம்மா, அது ஸ்லோ குக்கர் என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மனதிலேயே நின்றுவிட்டது. யார் பார்த்துக்கொள்வது? தேடிப் படிக்க ஆரம்பித்தால், என் தட்டில் இருக்கும் பாஸ்தாவின் வரலாறு முழுக்க அந்த ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப்போகிறேன்.

முதலில் செய்முறை

ஸ்லோ குக்கர் என்பது நம்ம ஊர் பிரஷர் குக்கருக்கு நேர் எதிர். உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி வெளிக்கூட்டில் சூடேறும் கம்பி, மேலே கண்ணாடி மூடி. விசில் கிடையாது, அவசரம் கிடையாது. கொதிநிலையை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காக வேகும். எங்கள் அறையில் இருப்பது படிப்பு முடித்துப் போன ஒரு சீனியர் விட்டுச்சென்றது. மூடியின் கைப்பிடி உடைந்துவிட்டது. மற்றபடி நன்றாக வேலை செய்கிறது.

தேவையானவை ஐந்தே ஐந்து: பெரிய டின் தக்காளி ஒன்று (சுமார் 800 கிராம்), பூண்டு நாலு பல், பென்னே பாஸ்தா 350 கிராம், க்ரீம் சீஸ் 225 கிராம், உப்பு.

காலையில் வகுப்புக்குக் கிளம்பும் முன் தக்காளி, நசுக்கிய பூண்டு, உப்பு மூன்றையும் போட்டு 'லோ'வில் வைத்துவிடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து வந்து 'ஹை'க்கு மாற்றி, பாஸ்தாவையும் இரண்டு கப் கொதிக்கும் நீரையும் சேருங்கள். அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறி, வெந்துவிட்டதா என்று பாருங்கள். கடைசியில் சீஸைத் துண்டுகளாக்கிப் போட்டுக் கலக்கினால் முடிந்தது. நாலு பேர் சாப்பிடலாம். பசியோடு வரும் மாணவர்கள் என்றால் மூன்று பேர் :-)

ஒரே எச்சரிக்கை: பாஸ்தாவைக் காலையிலேயே போட்டுவிட்டால் சாயங்காலம் கூழ்தான் கிடைக்கும். சொந்த அனுபவம்.

மார்கோ போலோ கொண்டுவரவில்லை

பாஸ்தாவை மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்று நம்மில் பலர் படித்திருப்போம். அவர் வெனிஸ் திரும்பியது 1295ஆம் ஆண்டு. ஆனால் 1279ஆம் ஆண்டிலேயே ஜெனோவாவில் ஒரு போர்வீரனின் சொத்துப் பட்டியலில் ஒரு கூடை மக்ரோனி எழுதப்பட்டிருக்கிறது! அதற்கும் முன்னால், 1154இல், சிசிலியின் மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் புவியியல் நூல் எழுதிய அரபு அறிஞர் அல் இத்ரிசி, டிராபியா என்ற ஊரில் 'இத்ரிய்யா' என்னும் மாவுப் பண்டம் ஏராளமாகச் செய்யப்பட்டு, கப்பல் கப்பலாக வெளியூர்களுக்குப் போவதைக் குறிப்பிடுகிறார். மார்கோ போலோ கதை பரவியதற்கு முக்கியக் காரணம் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் பத்திரிகை ஒன்றில் 1929இல் வந்த ஒரு கட்டுரை. விளம்பரத்துக்குச் சொன்ன கதை பாடப்புத்தகம் மாதிரி நிலைத்துவிட்டது.

கப்பலில் போனது என்ற விஷயத்தைக் கவனியுங்கள். டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நம் வற்றல், வடாம் போலத்தான். பிசைவதும் காயவைப்பதும் ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. வேறெங்கோ இருப்பவருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் வேலை மட்டும்தான் மிச்சம். அடுப்படி வேலையில் ஒரு பகுதியை வீட்டுக்கு வெளியே எடுத்துக்கொண்டு போன பழைய ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு வேடிக்கை. பாஸ்தாவைக் கொஞ்சம் கடிபடுகிற பதத்தில் இறக்குவதுதான் இத்தாலிய மரபு, ஸ்லோ குக்கரில் வேகவைப்பது பாவம் என்று என் அறைத்தோழன் வாதாடுவான். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இத்தாலியச் சமையல்காரர் மார்ட்டினோ, சிசிலி மக்ரோனியை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார்! கடிபடும் பதம் என்பது பிற்காலத்து ருசி.

தக்காளியும் தாமதமாக வந்ததுதான். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். நேப்பிள்ஸ் நகரின் கவல்காந்தி 1839இல் வெளியிட்ட சமையல் நூலில் தக்காளி சேர்த்த வெர்மிசெல்லி இருக்கிறது. அதாவது 'பழங்கால இத்தாலிய உணவு' என்று நாம் நினைக்கும் பாஸ்தாவும் தக்காளியும் சேர்ந்து சுமார் இருநூறு வருடம், அவ்வளவுதான். க்ரீம் சீஸ் இன்னும் இளையது. 1870களில் நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் செய்து விற்க ஆரம்பித்தது.

அடுப்படியில் நின்றவர்

மக்ரோனியை அமெரிக்காவில் பிரபலமாக்கியவர் என்று ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் பெயரைச் சொல்வார்கள். நேப்பிள்ஸிலிருந்து மக்ரோனி பிழியும் இயந்திரம் வரவழைத்தார். 1802இல் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனி பரிமாறினார். எல்லாம் உண்மை. ஆனால் சமைத்தது ஜெஃபர்சன் இல்லையே?

1784இல் ஜெஃபர்சன் பாரிஸ் போனபோது, தன்னிடம் அடிமையாக இருந்த 19 வயது ஜேம்ஸ் ஹெமிங்ஸைக் கூடவே அழைத்துப்போனார். பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொள்வதற்காக. ஹெமிங்ஸ் தேர்ந்த சமையல்காரராகித் திரும்பினார். விடுதலை கேட்டபோது, முதலில் இன்னொருவருக்குச் சமையல் கற்றுக்கொடு, பிறகு விடுவிக்கிறேன் என்று 1793இல் எழுதிக்கொடுத்தார் ஜெஃபர்சன். ஹெமிங்ஸ் தன் சொந்தத் தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். 1796இல் அண்ணனுக்கு விடுதலை கிடைத்தது. தம்பி அடுப்படியில் நின்றார். சுதந்திரப் பிரகடனம் எழுதிய மனிதரின் வீட்டில் நடந்தது இது.

இதைப் படித்த அன்று, மக்ரோனியின் வரலாற்றை விருந்து வைத்தவர் பக்கமிருந்தே படித்துவந்திருக்கிறோமே என்று தோன்றியது. அம்மாவின் கேள்வியைக் கேட்டால் வேறு பெயர்கள் வருகின்றன.

வெள்ளிக்கிழமைச் சட்டி

இனி பாத்திரத்தின் கதை. இதற்கு யூதர்களின் ஓய்வுநாளிலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை சபாத். அந்த நேரத்தில் தீ மூட்டக்கூடாது, சமைக்கக்கூடாது. ஆனால் சூடாகச் சாப்பிட வேண்டுமே? வழி கண்டுபிடித்தார்கள். பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, கிடைத்தால் இறைச்சி எல்லாம் போட்ட சட்டியை வெள்ளி மாலையே சூட்டில் வைத்துவிடுவது. இரவு முழுக்க மெதுவாக வெந்து சனி மதியம் தயாராக இருக்கும். கிழக்கு ஐரோப்பாவில் இதற்கு சோலன்ட் என்று பெயர். ஸ்பெயினில் அடஃபினா.

இந்தச் சட்டி ஆளைக் காட்டிக்கொடுத்தும் இருக்கிறது. ஸ்பெயினில் 1478இல் தொடங்கிய மதவிசாரணை மன்றம், கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டதாகச் சொன்னவர்கள் ரகசியமாக யூதர்களாகவே இருக்கிறார்களா என்று துருவியது. வெள்ளிக்கிழமை சமைத்து சனிக்கிழமை சாப்பிடுவதும் அதற்கு ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இப்போது லிதுவேனியாவின் வில்னா நகரத்துக்கு வருவோம். அங்கே ஒரு சிறுமி வெள்ளிதோறும் வீட்டுச் சோலன்ட் சட்டியை ரொட்டிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டாலும் அந்தப் பெரிய அடுப்பின் சூடு லேசில் ஆறாது. ஒரு நாள் முழுக்க அந்தச் சூட்டிலேயே சட்டி வெந்துவிடும். அந்தச் சிறுமி பெரியவளாகி அமெரிக்கா வந்து, தன் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னார். மகன் இர்விங் நாக்சன் (இயற்பெயர் நாகும்சோன்) மின் பொறியாளர், சிகாகோவாசி. கோடைக்காலத்தில் சமையலறையைச் சூடாக்காமல் சமைக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தவர். ரொட்டிக்கடை அடுப்பின் வேலையை ஒரு மின்சாரப் பாத்திரத்தால் செய்ய முடியாதா என்று யோசித்தார். 1936இல் விண்ணப்பித்து, 1940 ஜனவரியில் காப்புரிமை பெற்றார்.

அடுத்த வருடம், 1941 ஜூனில் ஜெர்மானியப் படை வில்னாவுக்குள் நுழைந்தது. அந்த நகரத்தின் யூதர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். சட்டி தூக்கிப்போன தெருக்களில் அந்த வாழ்க்கையே இல்லாமல் போனது. அதன் ஒரு சின்ன ஞாபகம் மட்டும் சிகாகோவில் ஒரு காப்புரிமைத் தாளில் தங்கிவிட்டது.

1971: சட்டி வேலைக்குப் போகிறது

நாக்சனின் பாத்திரம் 'பீனரி' என்ற பெயரில் பயறு வேகவைக்கும் சாதனமாக விற்றுவந்தது. 1970இல் அவர் தன் நிறுவனத்தை கான்சாஸ் சிட்டியின் ரைவல் கம்பெனிக்கு விற்றார். பீன்ஸ் தவிர வேறென்னென்ன இதில் சமைக்கலாம் என்று ரைவல் சோதித்துப் பார்த்து, தோற்றத்தை மாற்றி, 1971இல் 'கிராக்பாட்' என்ற பெயரில் சிகாகோ வீட்டுச் சாமான் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. அந்த ஆண்டு சுமார் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சம் டாலரானது. அதே 1975இல் மேபல் ஹாஃப்மன் இதற்கென்றே எழுதிய சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

ஏன் அப்போது? அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்கள் 1970இல் சுமார் 43 சதவீதம், 1980இல் சுமார் 51 சதவீதம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு குறைந்த மின்சாரம் என்பதும் பெரிய விஷயமாகிவிட்டது. ஆள் வெளியே போயிருந்தாலும் சமையல் நடக்கும் என்பதுதான் விளம்பரமே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரம் யாரைப் பார்த்துப் பேசியது? வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்து. காலையில் காய் நறுக்கிப் போடுவதும், மாலையில் பரிமாறுவதும், சட்டி கழுவுவதும் பெரும்பாலும் அவளிடமே இருந்தன. ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட நூலில் இதை 'இரண்டாம் ஷிப்ட்' என்றார். அடுப்பின் பக்கத்தில் நிற்கும் நேரத்தைச் சட்டி குறைத்தது உண்மை. அடுப்பு யார் பொறுப்பு என்பதை அது மாற்றவில்லை. அதை மனிதர்கள்தான் மாற்ற வேண்டும்.

என் அறையில் நாங்கள் நாலு பேர். ஆளுக்கு ஒரு நாள் சமையல், சட்டி கழுவுவது மறுநாள் ஆள். ஊரில் இருந்தவரை நான் ஒரு டம்ளர் கழுவியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று மறுபடி போன் செய்து இந்தக் கதை முழுவதையும் அம்மாவுக்குச் சொன்னேன். மார்கோ போலோவுக்கு "உம்", ஜெஃபர்சனுக்கு "உம்". வில்னா சிறுமி வந்தபோதுதான் நிறுத்தச் சொன்னார்கள்.

"அப்ப அவங்க ஊர்ல சனிக்கிழமையானா பொம்பளைங்களும் அடுப்புப் பத்த வைக்கக் கூடாதா?"

"ஆமாம்மா, யாருமே கூடாது."

"நல்ல சாமி" என்றார்கள் அம்மா.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறேன். ஸ்லோ குக்கரைத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை, இந்த ஊர் வோல்டேஜுக்குச் செய்தது அங்கே எரிந்துவிடும். சனிக்கிழமை சமையல் மட்டும் என் பொறுப்பு. சட்டி கழுவுவதும் சேர்த்து.