விதியும் விகற்பமும்: சுயாதீன ஆர்பிஜி விளையாட்டுகளில் புதுமையின் இடம்

ஆர்பிஜி எனப்படும் பாத்திரமேற்புக் கணினி விளையாட்டுகளைச் சிறு குழுக்கள் சொந்தப் பொறுப்பில் உருவாக்கும்போது, ‘பழையதையே திரும்பச் செய்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டு தவறாமல் எழுகிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு நிலைநாட்டிய அனுபவப் புள்ளி, நிலை உயர்வு, பகடை ஆகியவை இன்றும் கோலோச்சுகின்றன. ஆயினும் இதைக் கற்பனை வறட்சியின் அடையாளமாகக் கொள்வது பிழை. நன்னூல் வழிநூலுக்கு உரிய இடம் தருகிறது: முன்னோர் முடிபை ஏற்று, பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தைச் சேர்ப்பது அது. சுயாதீன ஆர்பிஜிகளின் சிறந்த புதுமைகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதே என் வாதம்.

சியாட்டில் பகுதியில் ஜெஃப் வோகல் 1994இல் தொடங்கிய ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். 1995இல் வந்த ‘எக்ஸைல்’ 2000இல் ‘அவெர்னம்’ ஆயிற்று. 2011இல் அதுவே மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. ஒரே கதை 16 ஆண்டுகளில் மூன்று முறை. படங்களும் நிரல்களும்கூட ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்குக் கைமாறின. ஓரிருவர் உழைப்பில் நடக்கும் நிறுவனத்தில் ஓவியமும் நிரலும் பெருஞ்செலவு. அங்கே மிச்சம் பிடித்ததை வோகல் எழுத்தில் செலவிட்டார். 2001இல் வந்த ‘ஜீன்ஃபோர்ஜ்’ அதற்குச் சான்று. அதில் ஆட்டக்காரர் உயிர்களை உருவாக்கிப் படையாக நடத்துகிறார். கதை நடக்கும் தீவிலோ, முன்பு படைத்தவர்களால் கைவிடப்பட்ட உயிர்கள் மூன்று கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன: இன்னும் பணிவோர், சமநிலை கோருவோர், எதிர்த்து எழுவோர். எந்தக் கட்சியோடு சேர்வது என்று முடிவெடுக்கும் ஆட்டக்காரரின் பின்னாலேயே அவர் படைத்த உயிர்கள் நடந்து வருகின்றன. சண்டை முறையில் புதிதாகப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழகிய சண்டைக்கு அறப்பொருள் ஏறிவிடுகிறது. நான்காம் பாகம் (2006) ஆட்டக்காரரைக் கலகக்காரர் பக்கம் நிறுத்தியது. தொடரில் அதுவே துணிச்சலான முடிவு என்பேன்.

டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) மரபை இன்னும் நெருக்கமாகப் பின்பற்றுகிறது. தாக்கு, செயல், பொருள், கருணை என நான்கு பொத்தான்கள். கொன்றால் புள்ளி ஏறும், நிலை உயரும். யாரையும் கொல்லாமலும் ஆட்டத்தை முடிக்கலாம். இறுதியை நெருங்கும்போது, அந்தப் புள்ளிகள் அனுபவத்தை அளக்கவில்லை, பிறருக்கு இழைத்த வலியையே அளந்தன என்பது வெளிப்படுகிறது. மரபில் ஊறிய ஆட்டக்காரருக்குத்தான் இது முழுமையாக உறைக்கும். நிலை உயர்வை ஒருபோதும் நாடாதவருக்கு இங்கே அதிர்ச்சிக்கு என்ன இருக்கிறது? நாற்பதாண்டுக் கால மீள்செய்கை இல்லாமல் இந்தப் புதுமை பிறந்திருக்காது.

எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் உருவான ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) தனிச் சண்டை முறையையே நீக்கிவிட்டது. பகடையை விடவில்லை: இரண்டு பகடைகள், 24 திறன்கள். ஆனால் அத்திறன்கள் கதைநாயகனான துப்பறிவாளரின் தலைக்குள் குரல்களாகப் பேசுகின்றன, வாதாடுகின்றன, சில வேளை தவறாகவும் வழிகாட்டுகின்றன. தோல்வியிலும் கதை நகர்கிறது. வெறும் எண்ணாக இருந்த திறன் இங்கே பாத்திரமாகிறது.

இதனால் எல்லா மீள்செய்கையையும் நியாயப்படுத்திவிட முடியாது. நிலவறை எலிகளைக் கொன்று வரச் சொல்லும் முதல் பணி எத்தனையோ விளையாட்டுகளில் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று கேட்டால், முன்னோர் வைத்தார்கள் என்பதைத் தவிர விடை கிடைப்பதில்லை. வோகல் திரும்பச் செய்தது பணத்தையும் காலத்தையும் விடுவித்தது. ஃபாக்ஸ் திரும்பச் செய்தது ஆட்டக்காரரின் பழக்கத்தைக் குற்றக்கூண்டில் ஏற்றியது. எலிப் பணி எதையும் செய்வதில்லை. ஆகவே ஒரு விளையாட்டை ‘புதியதா, பழையதா’ என்று எடைபோடுவதை விமரிசகர்கள் கைவிட வேண்டும். எந்த விதி தக்கவைக்கப்பட்டது, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று விதிவிதியாகக் காட்டும் விமரிசனமே இந்தத் துறைக்கு இப்போது தேவை.