பிரசிலியாவைக் கட்டியவர்கள்

பிரேசிலின் தலைநகரம் எது என்றால் ரியோ டி ஜெனிரோ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1960 ஏப்ரல் 21 வரை அது சரியான விடைதான். அன்றுதான் தலைநகரம் நாட்டின் நடுவே இருந்த வெட்டவெளிக்கு மாறியது. அதிபர் ஜுசெலினோ குபிசெக் தன் பதவிக்காலம் முடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று நின்றதால் வேலை இரவும் பகலுமாக நடந்தது.

நகரத்தின் வரைபடம் லூசியோ கோஸ்டாவுடையது. மேலிருந்து பார்த்தால் விமானம் மாதிரி இருக்கும். முக்கியக் கட்டடங்கள் ஆஸ்கர் நீமையர் வடிவமைத்தவை. நாடாளுமன்றத்தின் மேலே இரண்டு கிண்ணங்கள்: கவிழ்த்து வைத்தது செனட், நிமிர்த்தி வைத்தது கீழவை. தேவாலயத்துக்குள் இருட்டான வழியாக இறங்கிப் போனால் திடீரென்று வெளிச்சம் கொட்டும். அழகுதான், சந்தேகமில்லை.

அங்கே போகிறவர்கள் மூன்று அதிகாரங்களின் சதுக்கத்தில் ஒரு வெண்கலச் சிலையையும் பார்க்கலாம். கையில் கோலோடு நிற்கும் இரண்டு பேர். யார் என்கிறீர்களா? நகரத்தைக் கட்டிய கூலிகள், 'கண்டாங்கோ'க்கள். வறட்சி மிகுந்த வடகிழக்கிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் இவர்களில் ஏராளம். சிலைக்கு இடம் கிடைத்தது, ஆட்களுக்குத்தான் கிடைக்கவில்லை! திறப்பு விழாவுக்கு முன்பே, 1958இல், ஏழைகளைக் குடியேற்ற வெகு தூரத்தில் தகுவாதிங்கா என்ற துணை நகரம் உருவாக்கப்பட்டது.

கட்டுமானக் காலத்துக்கென்று மரப்பலகையில் எழுந்த 'சுதந்திர நகரம்' என்ற குடியிருப்பை வேலை முடிந்ததும் இடிப்பதாகத் திட்டம். மக்கள் கிளம்ப மறுத்துப் போராடினார்கள். 1961இல் அது நிலையான ஊர் என்று சட்டமே வந்தது. இன்று அதன் பெயர் நூக்ளியோ பண்டெய்ரான்டே.