யானையும் குடமும் பெட்டியும்

உறையூருக்குக் கோழியூர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஒரு கோழி யானையை எதிர்த்து வென்றதைக் கண்ட சோழ மன்னன் அந்த இடத்தையே தலைநகராக்கினான் என்பது கதை. அதே குலத்தைப் பற்றி இன்னொரு யானைக் கதையும் வழங்குகிறது. அரசுக்கு உரியவன் யார் என்று தெரியாமல் நாடு தவித்தபோது, கழுமலத்தில் கட்டியிருந்த யானை கருவூர் வரை சென்று, இளைஞன் கரிகாலனைப் பிடரியில் ஏற்றி வந்ததாம். பொதுஜன அபிப்பிராயத்தை அறிய எவ்வளவு சுலபமான வழி! ஜனங்களைக் கேட்கவே வேண்டாம். கோழிக்குத் தோற்கிற பிராணியை நம்பியா ராஜ்யத்தைக் கொடுத்தார்கள் என்று நாம் கேட்கலாம். கேட்டால் கதை நிற்காது.

குடவோலை மட்டும் என்ன? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓட்டுப் போட்டவர்கள் நாம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) பொறுமையாகப் படித்தால் விஷயம் வேறு. கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையும் வயதும் கல்வியும் உடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது திருவுளச் சீட்டு. இன்னார் வேண்டும், இன்னார் வேண்டாம் என்ற மனத்தின் சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. கட்சி கட்டுவதைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அபிப்பிராயத்தை அளக்கும் கருவி அல்ல.

அந்தக் கருவியைத் திருச்சி பார்த்தது 1956 மே மாதத்தில். திராவிட முன்னேற்றக் கழகத்தின் மாநில மாநாடு. தலைமை நெடுஞ்செழியன். 1949-இல் பிறந்த கழகம் 1952 தேர்தலில் நிற்கவில்லை. தன் கொள்கையை ஆதரிப்பதாகக் கையெழுத்திட்டவர்களுக்கு ஆதரவு தந்ததோடு சரி. இனி நாமே நிற்பதா, வேண்டாமா? அண்ணாதுரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பந்தல் அதிரக் கைதட்டியிருப்பார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதென்று மறுநாள் பத்திரிகையிலும் வந்திருக்கும். அப்படிச் செய்யாமல் இரண்டு பெட்டிகள் வைத்தார்கள், கட்சிக் கொடியின் நிறங்களில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. அக்காலத்துப் பொதுத் தேர்தலிலும் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்றுதான் வழக்கம். எண்ணிப் பார்த்ததில், நிற்க வேண்டும் என்றவர்கள் 56,942 பேர். வேண்டாம் என்றவர்கள் 4,203 பேர்.

சில வருஷங்களுக்கு முன் உறையூரில் ஒரு டீக்கடையில், அந்த மாநாட்டுக்குப் போய்ச் சீட்டுப் போட்ட முதிய நெசவாளர் ஒருவரோடு பேசிக் கொண்டிருந்தேன். அப்போது அவர் மீசை முளைத்த பிள்ளை. "எந்தப் பெட்டியில் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"பெட்டியிலே போட்டதை வெளியிலே கேக்கலாமா, தம்பி?" என்று சிரித்தார்.

"போகட்டும். அந்த முடிவுக்கு எப்போது வந்தீர்கள்?"

"கையெழுத்துப் போட்டவங்க மந்திரியாப் போனாங்களே, அன்னிக்கு ஒரு இழை. தெருமுனையிலே பேப்பர் படிச்சுப் பேசுவாங்களே, அதுலே ஒரு இழை. நூல் விலை ஏறினப்போ ஒண்ணு. எந்த இழையோட துணியாச்சுன்னு கேட்டா என்னத்தைச் சொல்றது?"

அவர் சொன்ன மந்திரிகள் சரித்திரத்தில் இருக்கிறார்கள். 1952-இல் கழகம் ஆதரித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அந்த ஆண்டே ராஜாஜி மந்திரி சபையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியார் 1954-இல் காமராஜர் மந்திரி சபையில் சேர்ந்தார். பிறரை நிறுத்தி வைத்துப் பயனில்லை என்ற எண்ணம் பந்தலுக்கு வெளியே, நான்கு வருஷமாக நெய்யப்பட்டு வந்தது. பெட்டி அதை உண்டாக்கவில்லை. முடிந்த துணியை முழம் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதிலும் எத்தனை முழம் என்று தெரியுமே தவிர, ஊடே ஓடிய நூல் எதுவென்று தெரியாது. கொள்கைக்காக 'வேண்டும்' என்றவரும், காங்கிரஸ் மேல் கோபத்தில் 'வேண்டும்' என்றவரும், தமக்கு ஒரு தொகுதி கிடைக்காதா என்ற சபலத்தில் 'வேண்டும்' என்றவரும் ஒரே எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டார்கள்.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதே போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிச் சீட்டுகளை அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாகாணங்களில் 46-ஐ வென்றார். பெயர்களைப் பொறுக்கியது டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும்! மிகக் குறைந்த பேரைக் கேட்ட காலப் ரூஸ்வெல்ட்தான் என்று சொல்லிவிட்டார். (அதே காலப் 1948-இல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லி ஏமாந்தது வேறு கதை.)

திருச்சிப் பந்தலில் இருந்தவர்களும் கட்டுச்சோறு கட்டிக் கொண்டு வந்த கட்சிக்காரர்கள், நாடு அல்ல. நாட்டின் கணக்கு 1957-இல் வந்தது. 205 இடங்களில் கழகத்துக்குக் கிடைத்தவை 15. அவற்றுள் ஒன்று திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரைக் குளித்தலை. அங்கே வென்றவர் மு. கருணாநிதி. ஆட்சி கைக்கு வர 1967 ஆயிற்று.

எனக்கென்னவோ 56,942-ஐ விட அந்த 4,203-தான் அருமையாகத் தோன்றுகிறது. நூற்றுக்கு ஏழு பேர். தலைவர்களின் மனம் எந்தப் பக்கம் என்று ஊகித்த பிறகும், அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, மற்றப் பெட்டியைத் தேடிப் போய்ச் சீட்டைப் போட்டவர்கள். கைதட்டலில் அவர்கள் இருந்த சுவடே தெரிந்திராது. அடுத்த வருஷம் அவர்களில் எத்தனை பேர் தெருத்தெருவாக வாக்குக் கேட்டு நடந்தார்கள், எத்தனை பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதை எண்ண யாரும் பெட்டி வைக்கவில்லை.