லாலியின் குடிவழி

அரியூரிலிருந்து புதுவைக்குப் போகும்போது வில்லியனூரைக் கடக்கிறோம். 1760இல் அவ்வூர் ஆங்கிலேயர் கைப்பட்டதை நாம் நினைப்பதில்லை. அன்று புதுவையைக் காத்து நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலி, குடிவழியால் அயர்லாந்துக்காரர்.

கால்வே மாவட்டத்துத் துவாம் நகரை அடுத்து வாழ்ந்த ஓ'முல்லாலிகள் அவர் முன்னோர். கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் பக்கம் நின்ற தந்தை ஜெரார்டு, தோல்விக்குப் பின் பிரான்சின் அயர்லாந்துப் படைப்பிரிவில் பணியாற்றினார். 1702இல் தாமஸ் ஆர்தர் பிறந்தது பிரான்சின் ரோமான் நகரில். விட்டுவந்த ஊரின் பெயரோ 'தொலந்தால்' எனத் திரிந்து, பட்டப்பெயராய்த் தங்கிவிட்டது. ஊர்ப்பெயரைச் சுமந்து திரிவதில் நம்மவர் மட்டும் சளைத்தவர்களா என்ன?

1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் லாலியை வென்ற அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே. ஆனால் புராட்டஸ்டண்ட் குடியினர். பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

லாலியை நல்லவராக்க நாம் முயலவில்லை. 1758இல் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடி, அந்தணர் அறுவரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டவர் அவர். பாரிஸ் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது அதற்காக அன்று. 1761இல் புதுவையை இழந்ததற்காக. 1766 மே 9 அன்று வாயடைத்துத் தலை கொய்தனர்.

மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் ட்ரோஃபிம் ஜெரார்டுக்கு அப்போது வயது 15. தந்தை யாரென்பதே அந்நாட்களில்தான் அவருக்குத் தெரிந்தது. வால்தேரின் துணையோடு வழக்காடி, 1778இல் அத்தீர்ப்பை ரத்துசெய்ய வைத்தார். எனினும் அடுத்து வந்த மறுவிசாரணைகளில் பழி முற்றும் நீங்கவில்லை. 1830இல் அவர் மறைந்தபோது மகள் இருந்தார். லாலிப் பெயரைத் தொடர மகன் இல்லை.