படியும் கண்ணாடியும்

2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க் தளத்தின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். லினக்ஸின் மூலநிரல் இருக்கும் இடம் அது. நம் கைப்பேசியில் ஓடும் ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் அந்த லினக்ஸ்தான். ஏறக்குறைய ஒரு மாதம் தளம் மூடிக் கிடந்தது. ஆனால் வேலை நிற்கவில்லை. செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னிடமிருந்த பிரதியைக் கிட்ஹப்பில் ஏற்றி, அடுத்த சோதனைப் பதிப்பை அங்கிருந்தே வெளியிட்டார். சரி, புகுந்தவன் நிரலில் ஒரு வரியை மாற்றி வைத்திருந்தால்? உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்களிடம் முழு வரலாற்றோடு பிரதி இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு கைரேகையும் உண்டு. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை ஒத்துப்போகாது.

இந்த ஏற்பாட்டின் பெயர் கிட். 2005 ஏப்ரலில் பிறந்தது. அதுவரை லினக்ஸ்காரர்கள் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்திவந்தார்கள். அந்தச் சலுகை திரும்பப் பெறப்பட்டதும் டோர்வால்ட்ஸ் சில நாள்களில் தானே ஒன்றை எழுதினார். கிட்டில் மூலப்படி, நகல் என்ற வேறுபாடு கிடையாது. யார் இறக்கிக்கொண்டாலும் அது முழுப் படி. பிறகு 2008இல் கிட்ஹப் வந்தது, வசதியாக இருந்தது, எல்லோரும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டோம். ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது என்று எழுதப்பட்ட கருவியை ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்த வேடிக்கை இது.

வீட்டுக்காரர் எப்போதும் சண்டை போட்டுத்தான் வெளியேற்றுவார் என்றில்லை. 2006இல் தொடங்கிய கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. கிட்டோரியஸ் 2015இல் போனது. முன்னறிவிப்பு தந்துதான் மூடினார்கள். ஆனால் நிரலை எழுதியவர் இறந்திருக்கலாம், மின்னஞ்சலை மாற்றியிருக்கலாம், அக்கறை போயிருக்கலாம். அந்த அனாதைப் பிரதிகளை அள்ளியவர்கள் தன்னார்வலர்களும், 2016இல் பிரான்சில் அறிவிக்கப்பட்ட சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகமும்.

ஓலைச்சுவடிக் காலத்துத் தமிழருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வெயிலிலும் ஈரத்திலும் ஓலை நெடுங்காலம் தாங்காது. யாராவது உட்கார்ந்து படியெடுத்தால்தான் நூல் உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஊர் ஊராகப் படிகளைத் தேடியதும், ஒரு படியின் பிழையை இன்னொரு படி காட்டிக்கொடுக்கும் என்பதால்தான். இணையத்தில் இந்த மரபைத் தொடர்ந்தது 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். அதன் ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், இந்தத் தலைப்பை நீக்காமல் யாரும் தாராளமாகப் பரப்பலாம் என்ற அனுமதி இருக்கிறது. அந்தக் காலத்தில் எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் ஜியோசிட்டீஸில் இருந்தன, 2009இல் அதோடு சேர்ந்து போயின. மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல தளங்களில் இன்றும் கிடைப்பதற்கு அந்த ஒற்றை வாக்கியம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு இடம் என்பது எப்போதும் இரண்டு இடம்தானா? 2018 ஜூனில் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்ததும் பலர் கோபத்தோடு கிட்லேப்புக்கு ஓடினார்கள். அப்போது கிட்லேப் யாரோட மெஷின்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு தெரியுமா? மைக்ரோசாஃப்டின் அஷூரில். ஆகஸ்டில் அது கூகுள் கிளவுடுக்கு மாறியதும் ஈரான், சிரியா, கிரிமியாவிலிருந்து அதைத் திறக்க முடியாமல் போனது. மறு ஆண்டு கிட்ஹப்பும் அந்த நாட்டுக்காரர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. இரண்டிலும் பிரதி வைத்திருந்த ஈரானியருக்கு இரண்டு பூட்டு, ஒரே சாவி: அமெரிக்கத் தடைச் சட்டம். பெர்லினில் ஒரு சங்கமாக நடக்கும் கோட்பெர்க்கில் ஒரு படி வைப்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

சட்டத்தைப் போலத்தான் கட்டடமும். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

மிரர் என்ற சொல்லிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கண்ணாடி எதிரே நிற்பதைத்தான் காட்டும். விலகிப் போனால் வெற்றுச் சுவர். கிட்டின் மிரர் கட்டளையும் அப்படித்தான்: இங்கே ஒரு கிளையை அழித்துவிட்டு அதை ஓட்டினால் அங்கேயும் கிளை போய்விடும். தானியங்கியாக வைத்திருந்தால் நம் தவறு சில நிமிடங்களில் எல்லாத் தளங்களுக்கும் பரவும். படி அப்படியில்லை. எடுத்த நாளில் இருந்தது அப்படியே இருக்கும்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர் துணை சர்வரில் அழிக்க வேண்டியதைப் பிரதான சர்வரில் அழித்தார். வைத்திருந்த காப்பு முறைகள் பலவும் கைவிட்டன. ஆறு மணி நேரம் பழைய ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நிரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொலைந்தவை அந்த ஆறு மணி நேரத்துப் பின்னூட்டங்கள், விவாதங்கள், புதிய கணக்குகள். அவை கிட்டுக்குள் இருப்பதில்லை, தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எத்தனை மிரர் வைத்தாலும் அவை வந்து சேராது.

இது என்னை ஏன் உறுத்துகிறது என்றால், நானும் இரண்டு நண்பர்களும் ஜொகூர் தோட்டங்களின் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் ஒரு சிறு களஞ்சியம் வைத்திருக்கிறோம். பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கிராணி, மங்கு. சிங்கப்பூர் 2019இல் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்த பிறகு அவை பாலம் தாண்டி இங்கே வரத் தொடங்கின. கூலாய் பக்கம் செடெனாக்கில், செம்பனை நின்ற மண்ணில் இப்போது சன்னலில்லாத கட்டடங்கள். தோட்டமே போன பிறகு அந்தச் சொற்கள் அப்படியொரு கட்டடத்துக்குள்தான் எங்கோ கிடக்கின்றன.

சொல்லும் பொருளும் நிரல் கோப்பில் இருக்கின்றன. சண்டைகள் எல்லாம் விவாதப் பகுதியில். பால் வடியும் கிண்ணமான மங்கு, மலாயின் மங்கோக்கிலிருந்து வந்தது என்கிறான் ஒருவன். பீங்கானுக்கு மங்கு என்று ஏற்கெனவே தமிழில் இருக்கே என்கிறாள் இன்னொருத்தி. எங்க தோட்டத்துல அப்படிச் சொன்னதே இல்லை என்று ஒரு தாத்தா சொன்னதும் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. அகராதியைவிட எனக்கு அது முக்கியம்.

இப்போது ஒவ்வொரு விவாதத்தையும் சாதாரண எழுத்துக் கோப்பாக மாற்றிக் களஞ்சியத்துக்குள்ளேயே சேர்க்கிறோம். கிட்ஹப்பில் ஒன்று, கோட்பெர்க்கில் ஒன்று. மூன்றாவது மூவாரில் நண்பன் வீட்டுப் பழைய மடிக்கணினியில். அதற்குத் தானியங்கி எதுவும் வைக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அவனே திறந்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு, தேதி போட்ட புதிய கோப்புறையில் இறக்கிக்கொள்கிறான். பழையதை அழிப்பதில்லை.