தில்லியின் படிக்கிணறுகள்

தில்லியின் படிக்கிணறுகள் என்பவை, இந்தியாவின் தலைநகரான தில்லியில் பெரும்பாலும் கி.பி. 13ஆம் நூற்றாண்டுக்கும் 16ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்ட, தரைமட்டத்திலிருந்து நீர்மட்டம் வரை படிகளில் இறங்கிச் செல்லக்கூடிய கிணறுகள் ஆகும். இந்தி, உருது மொழிகளில் இவை பாவ்லி என அழைக்கப்படுகின்றன. செங்கோட்டை, குதுப் மினார், உமாயூன் கல்லறை ஆகியவற்றைக் காண வருவோரில் பலர், அவற்றுக்கு மிக அருகிலேயே உள்ள இக்கிணறுகளை அறியாமல் திரும்புகின்றனர். கோபுரமும் கோட்டையும் மேல்நோக்கி எழுபவை. தொலைவிலிருந்தே கண்ணில் படுபவை. படிக்கிணறு கீழ்நோக்கிக் கட்டப்படுவது. அதன் விளிம்பில் சென்று நிற்கும் வரை அப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரிவதில்லை.

தோற்றம்

யமுனை ஆறு ஓடும் ஊரில் இத்தனை கிணறுகள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்வி எழலாம். இன்று தில்லி எனப்படும் நிலப்பரப்பில் வெவ்வேறு அரச மரபினர் வெவ்வேறு இடங்களில் தலைநகரம் அமைத்தனர். இவற்றுள் முற்பட்டவையான மெக்ராலி, துக்ளகாபாத் போன்றவை ஆற்றங்கரையில் அமையவில்லை. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியான பாறை மேட்டின் மீதும் அதனை ஒட்டியும் அமைந்தன. பாறை மேடு காவலுக்கும் கட்டடக் கல்லுக்கும் உகந்தது, நீருக்கு உகந்ததன்று. தில்லியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி சூலை முதல் செப்டம்பர் வரையான காலத்திலேயே பெய்துவிடுகிறது. அந்த மழையைக் கொண்டு ஆண்டு முழுவதும் பிழைத்தாக வேண்டும். இல்துத்மிஷ் வெட்டிய ஹவுஸ்-இ-ஷம்சி, அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஹவுஸ் காஸ் ஆகிய ஏரிகள் மழைநீரை நிலத்தின் மேலே தேக்கின. நிலத்துக்குள் ஊறிய நீரை எட்டுவதற்குப் படிக்கிணறுகள் பயன்பட்டன.

அமைப்பு

ஒரு படிக்கிணறு பொதுவாக இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, நீள்சதுர வடிவில் தோண்டப்பட்டு, படிகள் இறங்கும் பெருங்குழி. இரண்டாவது, அதன் மறுகோடியில் செங்குத்தாக அமைந்த வட்டக் கிணறு. இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் திறப்புகள் இருப்பதால் நீர்மட்டம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். குளிக்கவும் குடத்தில் நீர் மொள்ளவும் வந்தவர்கள் படிகளில் இறங்கினர். வட்டக் கிணற்றின் மேலிருந்து கயிறு கட்டி நீர் இறைக்கப்பட்டது.

மழைக்குப் பின் நீர் மேற்படிகள் வரை நிற்கும். கோடையில் அது கீழே செல்லச் செல்ல, மக்களும் கூடுதலாகச் சில படிகள் இறங்குவர். கயிற்றின் நீளத்தை நம்பியிராமல் எப்பருவத்திலும் நீரை நேரடியாக எட்ட முடிவதே இவ்வமைப்பின் பயன். பக்கச் சுவர்களில் அடுக்கடுக்காக அமைந்த வளைவு மாடங்கள் குழியின் சுவரைத் தாங்குவதோடு, வெயிலுக்கு ஒதுங்கவும் இடமளித்தன. தில்லியின் மே மாத வெயிலில் மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்குவோர் வெப்பம் குறைவதை உடலால் உணரலாம்.

குறிப்பிடத்தக்க கிணறுகள்

மெக்ராலியிலுள்ள கந்தக் கி பாவ்லி, இல்துத்மிஷ் காலத்தில் (1211-1236) கட்டப்பட்டதாகக் கருதப்படுவது. தில்லியில் எஞ்சியுள்ள மிகப் பழமையான படிக்கிணறுகளுள் ஒன்று. நீரில் வீசிய கந்தக நாற்றத்தால் இப்பெயர் பெற்றது. தமிழில் நாம் வழங்கும் கந்தகம் என்ற சொல்லும் இதுவும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. ஐந்து அடுக்குகள் கொண்ட இது, தூண்களைத் தவிர அலங்காரம் ஏதுமற்ற எளிய கட்டடம்.

இதற்குச் சற்றுத் தொலைவில், மெக்ராலி தொல்லியல் பூங்காவுக்குள் ராஜோன் கி பாவ்லி உள்ளது. சிக்கந்தர் லோதியின் ஆட்சியில் 1506ஆம் ஆண்டு தௌலத் கான் என்பவர் இதனைக் கட்டினார். பெயரைக் கேட்டு இதனை அரசர்களின் கிணறு எனப் பலர் கருதிவிடுகின்றனர். இங்கே 'ராஜ்' என்பது கொத்தனாரைக் குறிக்கும் சொல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொத்தனார்கள் இங்குக் குடியிருந்ததால் இப்பெயர் நிலைத்தது. நான்கு அடுக்குகளும், அருகே ஒரு பள்ளிவாசலும், கல்லறை மண்டபமும் சேர்ந்த இவ்வளாகம், கட்டடக்கலை நோக்கில் தில்லிப் படிக்கிணறுகளுள் மிகச் செம்மையானது எனலாம்.

நிசாமுதீன் அவுலியா தர்காவை ஒட்டிய கிணறு 1321-22 காலப்பகுதியில் கட்டப்பட்டது. கியாசுதீன் துக்ளக் தமது துக்ளகாபாத் கோட்டையைக் கட்டிய அதே காலம் அது. பகலில் கோட்டையில் உழைத்தவர்கள் இரவில் விளக்கொளியில் கிணற்றைத் தோண்டினர் என்றும், சினமுற்ற சுல்தான் எண்ணெய் விற்பனையைத் தடுக்க, கிணற்று நீரே விளக்கில் எரிந்தது என்றும் ஒரு மரபுக்கதை வழங்குகிறது. கோட்டை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது; கிணற்றில் நீர் இன்னும் ஊறுகிறது. காலப்போக்கில் இதன் சுவர்கள் மீது வீடுகள் எழுந்தன. 2008ஆம் ஆண்டு சூலையில் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன்பின் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, மேலே குடியிருந்தோருக்கு மாற்று இடம் ஏற்பாடு செய்து, பல நூற்றாண்டு வண்டலை அகற்றிக் கிணற்றைச் சீரமைத்தது.

கன்னாட் பிளேசுக்கு அருகில் ஹெய்லி சாலையிலுள்ள அக்ரசேன் கி பாவ்லி, இன்று இவற்றுள் அதிகம் அறியப்பட்டது. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும், 100க்கும் மேற்பட்ட படிகளும் கொண்டது. அக்ரசேன் என்ற புராண கால மன்னர் கட்டியதாகச் சொல்லப்பட்டாலும், இதனை உறுதிப்படுத்தும் கல்வெட்டு இல்லை. கட்டட அமைப்பு துக்ளக் அல்லது லோதி காலத்தையே சுட்டுகிறது. இதன் அடியில் உள்ள கரிய நீர் மனிதரை மயக்கி உள்ளே இழுக்கும் என்ற பேய்க்கதை பரவலாக வழங்குகிறது. இதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. பல ஆண்டுகள் இதன் அடியில் நீரே இருந்ததில்லை என்பதையும் கருத வேண்டும். ஒளிப்படக் கலைஞர் ரகு ராய் 1971இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், பின்னணியில் உயரக் கட்டடங்கள் தெரிய, இக்கிணற்று நீரில் ஒருவர் பாய்வதைக் காணலாம். 2014இல் வெளிவந்த பிகே திரைப்படத்திலும் இவ்விடம் இடம்பெற்றது. கிணறு வற்றியதற்கு வேறு சான்று தேடுவோர் அந்த ஒரு படத்தையும் இன்றைய கிணற்றையும் ஒப்பிட்டாலே போதும்.

பெரோஸ் ஷா கோட்லாவிலுள்ள கிணறு வட்ட வடிவானது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இதன் நீர், வளாகத்துப் புல்வெளிக்குப் பாய்ச்சப் பயன்பட்டு வந்துள்ளது. இதே வளாகத்தின் இடிபாடுகளில் வியாழக்கிழமைகளில் மக்கள் ஜின்களுக்கு மனு எழுதி வைத்து விளக்கேற்றுகின்றனர். வழக்கு, நோய், வேலை எனக் குறைகளை விவரித்து, அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பிப்பது போலவே இம்மனுக்கள் எழுதப்படுகின்றன.

செங்கோட்டைக்குள் உள்ள படிக்கிணறு, 17ஆம் நூற்றாண்டில் ஷாஜகான் கட்டிய அக்கோட்டையை விடப் பழமையானதாகக் கருதப்படுகிறது. ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமைந்த இரு படிவரிசைகள் இதன் தனித்தன்மை. ஆங்கிலேயர் இதன் மாடங்களுக்குக் கம்பிக் கதவிட்டுச் சிறையாக்கினர். மலாயாத் தமிழர் பலர் வீரர்களாகச் சேர்ந்திருந்த இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் 1945ஆம் ஆண்டு விசாரணையின்போது இங்கு அடைக்கப்பட்டிருந்தனர்.

மறைந்தவை

பழைய தில்லியிலுள்ள காரி பாவ்லி, ஆசியாவின் மிகப் பெரிய மொத்த மசாலாச் சந்தைகளுள் ஒன்று. இப்பெயருக்கு உவர்நீர்ப் படிக்கிணறு என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டில் சூர் மரபினர் ஆட்சியில் கட்டப்பட்ட அக்கிணற்றின் சுவடு எதுவும் இப்போது இல்லை. நாள்தோறும் மிளகாய் மூட்டைகளோடு அத்தெருவைக் கடப்போர், கிணற்றின் பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

படிக்கிணறுகள் கைவிடப்பட்டதற்கு முழுப் பழியையும் புறக்கணிப்பின் மீது சுமத்துவது முறையாகாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குழாய் நீர் வந்தது; அது வீட்டு வாசலுக்கே வந்தது. மேலும், மக்கள் நீருக்குள்ளேயே இறங்கும் அமைப்பு நோய்ப் பரவலுக்கு வழிவகுத்தது. இராஜஸ்தான் முதலிய மாநிலங்களில் நரம்புச் சிலந்தி நோய் படிக்கிணறுகள் வழியாகவே பெரிதும் பரவியது. நோயாளியின் காலிலுள்ள புழு நீரில் குஞ்சுகளை வெளியிட, அவற்றை உண்ட நுண்ணிய நீர்ப்பூச்சிகள் குடிநீரோடு பிறர் உடலுக்குள் சென்றன. நோயை ஒழிக்கும் திட்டத்தின் கீழ் இத்தகைய கிணறுகள் மூடப்பட்டன அல்லது மாற்றியமைக்கப்பட்டன. 1996இல் இறுதி நோயாளி பதிவாகி, 2000ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

தில்லியில் கிணறுகள் வற்றியதற்குக் காரணம் வேறு. மின் இறைப்பிகளும் ஆழ்துளைக் கிணறுகளும் நிலத்தடி நீரைப் படிகளால் எட்ட முடியாத ஆழத்துக்குத் தாழ்த்திவிட்டன. மழைநீர் ஊற வேண்டிய மண் சாலைகளாலும் கட்டடங்களாலும் மூடப்பட்டுவிட்டது. எனவே கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் பழுது பார்ப்பதால் கிணறு மீண்டும் கிணறு ஆகிவிடாது. சுற்றியுள்ள நிலத்தில் நீர் ஊறும் வழியும் திறக்கப்பட வேண்டும்.

சீரமைப்பு

பல படிக்கிணறுகள் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளன. எனினும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகை இருப்பது, உள்ளே நீர் இருப்பதாகவோ குப்பை இல்லாமலிருப்பதாகவோ பொருள்படாது. அண்மைய முயற்சிகளுள் ராஜோன் கி பாவ்லியின் சீரமைப்பு குறிப்பிடத்தக்கது. தொல்லியல் ஆய்வகம், உலக நினைவுச்சின்ன நிதியத்தின் இந்தியக் கிளை, டிசிஎஸ் அறக்கட்டளை ஆகியவை இணைந்து மேற்கொண்ட இப்பணி 2025இல் நிறைவுற்றது. தூர்வாரப்பட்டு, சுண்ணாம்புக் காரை முதலிய மரபுப் பொருள்களால் சுவர்கள் பழுது பார்க்கப்பட்டன. வடிகால் இணைப்பும் தரப்பட்டது. நீர் தூய்மையாக இருக்கும்பொருட்டு அதில் மீன்கள் விடப்பட்டுள்ளன.