தோள்சீலைப் போராட்டமும் முக்குவத்திகளின் உடையும்

தோள்சீலைப் போராட்டம் (1822–1859) தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்தது. அதை முடித்துவைத்த அரசாணையில் கடியப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் வாழும் முக்குவப் பெண்களின் உடையும் குறிப்பிடப்பட்டது.

அரசாணைகள்

மேல்சாதியினர் முன் மார்பை மறைக்காதிருப்பதே மரியாதை என்பது அன்றைய வழக்கம். 1829-ஆம் ஆண்டு ஆணை கிறிஸ்தவ நாடார் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது, தோள்சீலையை மறுத்தது. 1858 இறுதியில் மீண்டும் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெலியன் கண்டித்தபின், 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா புதிய ஆணை பிறப்பித்தார். அதன்படி எல்லாச் சமயத்து நாடார் பெண்களும் முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது. மானத்தை மறைக்க அனுமதித்த ஆணையே இன்ன சாதிக்கு இன்ன உடை என்பதையும் உறுதிசெய்தது. நாடார் பெண்களுக்கு எல்லையாகக் காட்டப்பட்டது மீனவப் பெண்ணின் சேலை.

பெருமையும் பொறுப்பும்

அப்போதைய திவான் டி. மாதவராவின் காலத்தில்தான் திருவிதாங்கூர் 'மாதிரி சமஸ்தானம்' எனப் பெயர் பெற்றது. அந்தப் பெருமையும் இந்த ஆணையும் ஒரே அரசுக்குரியவை. 2019-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து, இப்போராட்டம் இடம்பெற்ற, உடைகளின் சமூக வரலாறு பற்றிய பாடத்தை நீக்கியது. பாடத்தை நீக்கினால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. முன்னோரின் பெருமைக்கு உரிமை கோருபவர்கள் அவர்கள் செய்த இழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.